பக்கத்துக் காம்பராவின் கூழ்

போன மாதம் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் மருந்து எடுக்கிற கிளினிக். மர வாங்கில் உட்கார்ந்தால் எனக்கு நிலைகொள்ளாது. எழும்புவேன், ஜன்னல் வரைக்கும் போவேன், இடம் போய்விடுமோ என்று ஓடிவந்து உட்காருவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், காலில் சுடுதண்ணீர் ஊற்றினாற்போல.

அன்றைக்கு ஒரு இளம் மிஸ் வந்து சுவரில் பெரிய படம் ஒன்றைத் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் குரக்கன் என்கிற கேழ்வரகு, பலாக்கொட்டை, வல்லாரை, மரவள்ளிக்கிழங்கு. மறுபக்கம் பிஸ்கட், டின் சாமான், நூடுல்ஸ் பாக்கெட், கலர்த் தண்ணீர்ப் போத்தல். அதன் மேல் சிவப்புக் கோடு.

“இனிமே இப்பிடித்தான் சாப்பிடணும்னு அரசாங்கமே சொல்லுது. டின்னுல பாக்கெட்டுல வர்றதக் குறைங்க. குரக்கன் கூழ் குடிங்க. இதுல வெக்கப்பட என்னம்மா இருக்கு?”

வெக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழும்பிவிட்டேன்.

“என்னம்மா, ஏதும் கேக்கணுமா?”

“இல்ல மிஸ்.” உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் வாய் திறக்கிற ஆளா நான்? அங்கே சொல்லாமல் விட்டதைத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எழுபதுகளில் பஞ்சம் வந்தது. அரிசியும் இல்லை, மாவும் இல்லை. மரவள்ளி இலையைக்கூட அவித்துத் தின்றோம். பிறகு ஒரு காலம், பதுளைக் கடைத்தெருவில் சீமைச் சாமான் வந்து குவிந்தது. அப்போது பேக்கரிப் பாண், ஜாம், டின் மீன் வைக்கிற வீடுதான் பிழைத்துக்கொண்ட வீடு. கூழ் குடிக்கிற வீடு இன்னும் பஞ்சத்திலேயே கிடக்கிற வீடு. ஆனால் எனக்கும் அம்மாவுக்கும் கூழ் இல்லாமல் ஆகாது. எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருந்த சிங்களக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா, காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் விளைந்த குரக்கன் கொண்டுவந்து தருவாள். அதைக் காய்ச்சி, ஒரு ராத்திரி புளிக்கவைத்து, வெங்காயம் கடித்துக் குடித்தால்தான் மலையில் கொழுந்து எடுக்க இடுப்பு நிற்கும்.

முதலில் என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் கூழ்ப்பானையைப் பார்த்தார்கள். “பஞ்சத்துக் குடும்பம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. இந்த முறையும் தட்டிப்போனால் யார் வருவார் என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். அதனால் தெமோதரைப் பக்கமிருந்து அடுத்த ஆட்கள் வருகிறார்கள் என்றதும், பானையை அடுப்புக்குப் பின்னால் தள்ளி, கொழுந்துக்கூடையைக் கவிழ்த்து மூடினாள்.

அப்பா பதுளைக்குப் போய் பாணும் ஜாமும் வாங்கினார். கூடவே ஒரு பெட்டியும் கொண்டுவந்தார். கடைக்கார நானா, “இது தொரமார் வீட்டுல சாப்பிடுறது, சம்பந்தம் நிச்சயம்” என்று கொடுத்தாராம். உள்ளே மாவு மாதிரி ஒன்று. பெட்டியில் இங்கிலீஷ் எழுத்து, எங்களில் யாருக்குத் தெரியும்? மாவு என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது கூழ்தான். தண்ணீரில் கரைத்து, உப்புப் போட்டு அடுப்பில் வைத்தாள். வெள்ளை மாவு மஞ்சளாக மாறியதும் பயந்துபோனாள். “அடியே, என்னமோ பூ வாசம் வேற வருதே!” என்றாள். இருந்தாலும் விடவில்லை. வெங்காயமும் பச்சை மிளகாயும் அரிந்து மேலே தூவினாள். அது கஸ்டர்ட் என்று எனக்குத் தெரியவர எத்தனையோ வருடம் ஆனது.

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டின வீடுதான் லயம், குடும்பத்துக்கு ஒரு அறை, அதுதான் காம்பரா. இஸ்தோப்பு என்பது காம்பராவுக்கு முன்னால் இருக்கிற ஒடுக்கமான இடம். அங்கே பாய் விரித்து மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்தார்கள். உள்ளே சேலைத் திரைக்குப் பின்னால் நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தேன்.

“இது என்ன பதார்த்தம்?” என்று அந்த அம்மா கேட்டார்.

“தொர வீட்டுக் கூழுங்க” என்றாள் என் அம்மா.

“தொரமாரும் வெங்காயம் கடிக்கிறாங்களா?”

மாப்பிள்ளை சிரித்தார். ஆளைப் பார்க்கும் முன்னே அந்தச் சிரிப்பைத்தான் கேட்டேன். இவர் போய்விடக் கூடாது என்று அப்போதே மனசு அடித்துக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து அந்த அம்மா மூக்கை உறிஞ்சினார். “புளிச்ச கூழ் வாசம் வருதே.”

“பக்கத்துக் காம்பராவுலங்க” என்றாள் அம்மா.

லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் எழும்பாது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அடுத்த காம்பராக்காரி கத்தினாள்: “எங்க வீட்டுல இல்லைங்க! நாங்க பாணுதான் திங்கிறோம்!”

என் தலையெழுத்து அவ்வளவுதான் என்று சுவரில் சாய்ந்தேன். அந்த அம்மா ஏப்பம் விட்டு எழுந்து, திரையை விலக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார். “பொண்ணப் புடிச்சிருக்கு. நாள் பாருங்க” என்றார். அம்மா நம்பாமல் இரண்டாவது தடவை கேட்டாள்.

கல்யாணமாகித் தெமோதரைக்குப் போனேன். அங்கே விடிந்தால் பாணும் ஜாமும், பொழுது சாய்ந்தால் டின் மீன். புது மருமகளுக்கு மரியாதை. எனக்கு வயிறு நிறையவும் இல்லை, கேட்க வாயும் இல்லை. ஒருநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நேரம் காற்றோடு அந்த வாசம் வந்தது. மூக்கைப் பிடித்து யாரோ இழுத்துக்கொண்டு போனாற்போல் லயத்தைச் சுற்றிப் பின்னால் போனேன். வாழை மரத்தடியில் மாமியார் குந்தியிருந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முந்தானையால் சட்டியை மூடினார்.

“அத்தை” என்றேன்.

முந்தானையை விலக்கிச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார். “வா புள்ள, குந்து. அன்னைக்கு ஒங்க வீட்டுல அந்த வாசம் வந்ததுனாலதான் சரின்னேன். நம்ம மாதிரி திங்கிற புள்ளன்னு. மஞ்சக் கூழ் ஒண்ணு குடுத்தா பாரு ஒங்கம்மா, எங்குடலே பொரண்டு போச்சு.”

இருவரும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, லயத்தில் கேட்டிருக்குமோ என்று பயந்து பொத்திக்கொண்டோம். அவர் மகன் மட்டும் அந்த மஞ்சள் கூழை நல்லதென்றே நினைத்திருந்தார். பிற்பாடு பண்டாரவளையில் ஒரு கல்யாண வீட்டில் கஸ்டர்ட் வைத்தபோது, “வெங்காயம் இல்லையா?” என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்.

இன்று அவரும் இல்லை, அத்தையும் இல்லை. லயத்தை இடித்துத் தனித்தனி வீடு கட்டிவிட்டார்கள். சுவர் கூரை வரைக்கும் இருக்கிறது.

கிளினிக்கிலிருந்து வரும் வழியில் டவுனில் குரக்கன் மா வாங்கினேன். அதுவும் இப்போது பாக்கெட்டில்தான், பளபளவென்று. காய்ச்சி, புளிக்கவைத்து, மறுநாள் ஒளிக்காமல் முன்வாசல் மேசையிலேயே திறந்து வைத்தேன். மருமகள் கடந்து போனாள்.

“என்ன அத்தை, சாக்லேட்டா?”

“கூழ்.”

“ஆ” என்றபடி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

குனிந்து மோந்து பார்த்தேன். எழும்பி வாசலுக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் மோந்தேன். அம்மா செய்தது போல் ஒரு கூடையைத் தேடியெடுத்துக் கவிழ்த்து மூடியும் பார்த்தேன். அன்றைக்குக் கூடையை மீறி வந்த வாசம் இன்று வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து, “எங்க வீட்டுல இல்லைங்க!” என்று யாரும் கத்தவும் இல்லை.