மருந்து ரூமுக்கு வெளியே

நான் படித்தது மூணாங்கிளாஸ். ஆனால் சாத்தூருக்கு மேற்கே நான் கட்டிய பட்டாசுக் கம்பெனியில் பதினாறு ஷெட்டு நிற்கிறது. இத்தனை வருஷத்தில் அங்கே ஒரு ஆளுக்கு ஒரு விரல் கருகினதில்லை. பாதி கர்த்தருடைய கிருபை, பாதி என் கண்டிப்பு. எங்கள் கோயில் பாதிரி ஐயரிடமே இப்படித்தான் சொல்வேன். அவர் சிரிப்பார், மறுக்க மாட்டார்.

மருந்து ரூமுக்கு வெடிமருந்து கலக்கப் போகிறவன் செருப்பைக் கழற்றி, வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்புக் கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போகணும். அது சர்க்கார் சட்டம். என் சட்டம் வேறு. வீட்டில் சண்டை போட்டு வந்தவன் அன்றைக்கு உள்ளே போகக்கூடாது; பெட்டி ஒட்டப் போகணும். கோபக்காரன் கை நிதானத்தில் இருக்காது. முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். இந்த வட்டாரத்தில் அப்படி ஒரு கண் வேறு எவனுக்கும் கிடையாது.

என் தங்கச்சி விருதுநகரில் நர்ஸ். தீக்காய வார்டில் வேலை. எங்கள் அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று, அவள் மகனை என் கம்பெனிக்கு அனுப்பச் சொன்னேன். சொந்தக்காரர் அத்தனை பேர் முன்னாலும் அவள், "தினமும் வெந்த கைக்குக் கட்டுப் போடுறவ நான். எம்புள்ளைய அங்கன அனுப்ப மாட்டேன்" என்றாள். என் கம்பெனியைச் சொல்லிவிட்டாளே என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இனி என் வாசல்படியை மிதிக்காதே என்று சொல்லிவிட்டேன். ஒன்பது வருஷம் அப்படியே போனது. மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு மட்டும் தவறாமல், முதல் ஆளாய்ப் போய் முழங்காலில் நிற்பேன்.

போன வருஷம் அப்படி ஒரு ஞாயிறு, சொந்தத்தில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு அவள் எங்கள் கோயிலுக்கு வந்திருந்தாள். பீடத்துக்கு முன்னால் கம்பியோரம் நான் முழங்காலில் நிற்கிறேன். பக்கத்தில் ஆஸ்பத்திரி சோப்பு வாசம். திரும்பினால் அவள். அப்பமும் திராட்சரசமும் வாங்காமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலை, மருந்து ரூம் வாசலில் என் போர்மேன் குறுக்கே நின்றார். இருபது வருஷமாய் என்னிடம் இருப்பவர். மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிறவர்.

"நேத்து சாமி பந்தியிலேருந்து எந்திரிச்சு வந்துட்டீகளாமே முதலாளி."

"உமக்கு யாருய்யா சொன்னா?"

"சாத்தூர் பூராம் சொல்லுது. உங்க சட்டப்படி இன்னைக்கு நீங்க உள்ள வரக்கூடாது. பெட்டி ஒட்டப் போறீகளா, மரத்தடியில இருக்கீகளா?"

சட்டம் என்னுடையதாச்சே, என்ன செய்ய? வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

பிறந்ததிலிருந்து நான் அப்படிச் சும்மா உட்கார்ந்ததில்லை. காற்றில் வந்து படிந்த அலுமினியப் பவுடர் வேப்பிலையில் மினுங்கியது. வெள்ளி பூசின முகத்தோடு ஆட்கள் வெறுங்காலில் சத்தமில்லாமல் போனார்கள், வந்தார்கள். தண்ணிக்கு அடியில் நடக்கிறவர்கள் மாதிரி. கண் திறந்திருக்கும்போதே கனவு வந்தது. திருத்தங்கல் போகிற பஸ். சின்னப் பிள்ளையாய் அவள் முண்டியடித்து முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்துச் சீட்டில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்கிறாள். "இது எங்கண்ணனுக்கு" என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அப்புறம் அவள் கட்டுப் போட்ட கைகள் ஒவ்வொன்றாய் வெயிலில் மிதந்து வந்தன. எதுவும் என் கம்பெனிக் கையில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் அவள் தன் மகன் கையைத்தான் பார்த்திருப்பாள்.

காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு, முதலில் போய் உடன்பிறந்தவனோடு சமாதானமாகு என்று ஞாயிறு பள்ளியில் கேட்ட வேத வசனம் ஞாபகம் வந்தது. நானாய்க் கண்டுபிடித்த சட்டம் என்று இத்தனை காலமும் பீற்றிக்கொண்டது, அங்கேயிருந்து வந்ததுதானோ.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றேன். அவள் வந்ததும், புள்ள எப்படி இருக்கான் என்று கேட்டேன். நல்லா இருக்கான் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அடுத்த வாரமும் போனேன். அதற்கடுத்த வாரமும் போனேன். விடாமல் போவதில் என்னை அடிக்க ஆளில்லை. நாலாவது வாரம்தான் உள்ளதைச் சொல்ல வாய் திறந்தது.

"அன்னைக்கு நீ பயந்து போய்ச் சொன்ன. நான் அதத் திமிரோட காதுல வாங்கிட்டேன் ஆத்தா."

பஸ்ஸுக்கு நடந்தவள் திரும்பினாள்.

"இதச் சொல்ல ஒம்பது வருசமாண்ணே?"

வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

இரண்டு மாதம் திருவிருந்துக்கு நான் எழுந்து போகவில்லை. கடைசிப் பெஞ்சில் இருந்தேன். ஏன் என்று ஐயர் கேட்டார். எங்கள் கம்பெனிச் சட்டம் ஐயா என்றேன்.

மூன்றாம் மாதம் பாட்டு நடக்கும்போது அவள் வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. திருவிருந்துக்குக் கூப்பிட்டதும் போய்க் கம்பியோரம் முழங்காலிட்டாள். பக்கத்தில் ஒரு அம்மா வந்து நிற்கப் பார்த்தபோது, முழங்கால் மெத்தையில் உள்ளங்கையை விரித்து வைத்து, இங்கே இல்லை என்று தலையை ஆட்டினாள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து நடந்தேன். அன்று கோயில் ரொம்ப நீளமாய் இருந்தது. நான் கிட்டே போனதும் அவள் கையை எடுத்துக்கொண்டாள். மெத்தையில் அந்த இடம் மட்டும் சூடாய் இருந்தது.