இல்லாதவருக்குக் காய்ச்சல்

தொலைபேசி இரண்டாவது முறை அடிப்பதற்குள் பேராசிரியர் எடுத்துவிடுவார். "அப்படி யாரும் கிடையாதுங்க" என்பார். எதிர்முனை கெஞ்சும். "இருந்தாத்தானே எப்படி இருக்கார்னு சொல்ல முடியும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அழைப்பவர், பேராசிரியரின் மனைவி எங்கள் வார இதழில் எழுதும் தொடர்கதையின் வாசகி யாராவது. அவர் விசாரிப்பது, கதையில் வரும் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரின் உடல்நலத்தை.

பேராசிரியர் கல்லூரியில் முப்பத்தோரு வருடம் தத்துவம் நடத்தியவர். கதாபாத்திரங்கள் என்று யாரும் இல்லை என்பதை நிரூபிக்க இருநூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். இல்லாதவர்களுக்காக இவ்வளவு பாடுபட்ட மனிதரை நான் பார்த்ததில்லை. அந்தப் புத்தகத்தின் வாசகர்களும் ஏறக்குறைய அதே இனம்தான்.

செவ்வாய்தோறும் கையெழுத்துப் பிரதி வாங்கப் போகும் உதவி ஆசிரியர் நான். ஆகவே எனக்குப் பாடம் இலவசம்.

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு எத்தனை பல்லும்மா?"

"தெரியலையே சார்."

"எழுதினவளுக்கே தெரியாது. முப்பத்திரண்டும் இல்ல, முப்பத்தொண்ணும் இல்ல. அப்படி ஒரு வாய் உலகத்துல இருக்க முடியுமா?"

துணி மடித்துக்கொண்டிருக்கும் எழுத்தாளரம்மா தலை நிமிராமல், "இவர் பல்லு எத்தனைன்னு கேளு, பார்க்கலாம்" என்பார். பேராசிரியரின் நாக்கு கடைவாய்ப் பக்கம் துழாவத் தொடங்கும். அன்றைய வகுப்பு அத்துடன் கலையும்.

தொடரைப் படிப்பதில்லை என்பது அவர் கொள்கை. ஆனால் ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடிய வாரம், பக்கத்து வீட்டுக்காரர் பேராசிரியரைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பேராசிரியர் அவரை நிறுத்தி வைத்துக் கால்மணி நேரம் விளக்கினார். "அவர் மேசைக்கு அடியில தேடினார். நான் அங்கெல்லாம் தேடவே மாட்டேன். தவிர, நான் இருக்கேன், அவர் இல்ல." படிக்காதவருக்கு மேசை எப்படித் தெரிந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்கவில்லை. பண்பானவர்.

சென்ற செவ்வாய்தான் வினை வந்தது.

"ரெண்டே வாரம், முடிச்சுடப்போறேன்" என்றார் எழுத்தாளரம்மா.

"கதையையா?"

"ஸ்டேஷன் மாஸ்டரை. காய்ச்சல்ல போயிடுவார். தினம் போன்ல இல்ல, இல்லன்னு ஒருத்தர் சொல்லிட்டே இருக்கார். அப்புறம் அந்த மனுஷன் இருந்து என்ன பண்ண?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இல்லாத ஆளை எப்படிச் சாகடிப்பே?"

"அதான் சுலபம். போலீஸ் வராது."

நான் கிளம்பும்வரை செய்தித்தாளில் பக்கம் புரளவில்லை.

இன்று நான் போனபோது எழுத்தாளரம்மா குளித்துக்கொண்டிருந்தார். பிரதியோடு பேராசிரியரே வாசலுக்கு வந்தார். தாள்களின் ஓரம் கசங்கியிருந்தது.

"நூத்தி நாலு டிகிரிம்மா" என்றார், வணக்கம்கூடச் சொல்லாமல். "நெத்தியில ஒரு ஈரத்துணி போடல. டாக்டருக்குச் சொல்லல. மருமக எட்டிப் பார்த்துட்டுப் போறா, அவ்வளவுதான்."

"இல்லாதவருக்கு டாக்டர் எதுக்கு சார்?"

முப்பத்தோரு வருடம் மாணவர்களை மடக்கிய கேள்வி இது. விடை அவருக்கு மனப்பாடம்.

"தனியாப் படுத்திருக்கார்மா" என்றார் மெதுவாக. "தண்ணி வேணும்னாகூடக் கேட்க மாட்டார். கூச்சம்."

அது கதையில் எங்கும் எழுதப்படாத விவரம்.

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. "பேப்பரைக் குடுத்துட்டீங்களா?" என்று குரல் வந்தது.

"குடுத்தாச்சு, குடுத்தாச்சு" என்று பதில் கொடுத்துக்கொண்டே, என் கைப்பையில் செருகியிருந்த பேனாவை உருவினார். தாளைச் சுவரில் வைத்து அழுத்தினார். நூற்று நான்கை அடித்துவிட்டு, மேலே பொடி எழுத்தில் தொண்ணூற்றொன்பது என்று எழுதி, மை காயும்வரை ஊதினார்.