விசிறி வேகம் பூஜ்யம்

கம்பம் ஊரில் ஒரு தனியார் ஏலக்காய் ஏலக் கூடத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். அன்று ஏலத்தின் நடுவே, நான் வாங்கச் சொன்ன, ஏலத்தை ஓட்டும் புது சர்வரின் விசிறி வேகம் பூஜ்யம் என்று என் திரை காட்டியது. வெந்துபோகுமே என்று அலறி ஏலத்தையே நிறுத்திவிட்டு, மேசை விசிறியோடு ஓடினேன்.

பெருக்கிக்கொண்டிருந்த செல்வியக்கா சர்வருக்குப் பின்னால் கையை நீட்டினார்.

“காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. தொட்டுப் பாக்காமலா ஊரக் கூட்டுனீக?”

சர்வர் தன் நிலையைச் சொல்லி அனுப்பும் தகவலில், விசிறி வேகத்தை எழுத எல்லாத் தயாரிப்புக் கம்பெனிக்கும் பொதுவான இடம் உண்டு. இந்தக் கம்பெனி அதைக் காலியாக விட்டு, தான் சேர்த்த தனிப் பகுதியில் எழுதியிருந்தது. என் மென்பொருள் காலியைப் பூஜ்யமாகப் படித்தது. வாங்குமுன் நான் சோதிக்கவில்லை.

“சர்வர் கோளாறா?” என்றார் முதலாளி.

தலையாட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். பொய் சொல்லவும் தெம்பில்லை.

“இல்லண்ணே, என் கோளாறு.”

வியாபாரிகள் வைதார்கள். வேலை போகவில்லை. இப்போதும் பதறுகிறேன், ஆனால் பதறியதை ஒப்புக்கொள்ள அதிக நேரம் ஆவதில்லை.