கழுவி வைத்த விண்கலம்

இன்று ஆயுத பூஜை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு நெரிசலில் பொரியும் பூசணிக்காயும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினால், வாசலில் என் பைக்குக்கும் தம்பியின் டிராக்டருக்கும் நடுவில் என் விண்கலம் காய்ந்துகொண்டிருந்தது.

பழைய அறிவியல் கதைப் புத்தகம் ஒன்றின் அட்டைப்படத்தைப் பார்த்து, பிவிசி பைப்பும் ஷாம்பு டப்பாவும் உடைந்த மிக்ஸியின் பாகங்களும் வைத்து நானே செய்தது. படத்தில் இருக்கும் கலம் பல போர்களைப் பார்த்துப் புகையேறியது. அந்தப் பழமை வரத்தான் மாதக்கணக்கில் கரித்தூளும் டீ டிகாக்‌ஷனும் குழைத்துப் பூசினேன்.

அம்மா கையில் தேங்காய் நார்.

“இன்னாடா இம்மாம் அழுக்கு. வண்டிங்கள கழுவும்போது இதையும் நல்லா தேச்சி வுட்டேன்.”

“அது அழுக்கு இல்லம்மா. நான் பூசுனது.”

“புதுசா ஒண்ண செஞ்சி எவனாவது அழுக்கு பூசுவானா?”

படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா சந்தனம், குங்குமத்தோடு வந்தாள்.

“எது முன்பக்கம்னு தெரில. ரெண்டு பக்கமும் பொட்டு வெச்சிடறேன். சக்கரம் எங்கடா? எலுமிச்சம்பழம் வைக்கணும்.”

“சக்கரமே கெடையாதும்மா. அது வானத்துல போறது.”

கொஞ்சம் யோசித்தாள். பிறகு பழத்தைக் கலத்துக்கு அடியிலேயே வைத்தாள்.

“எங்க போனாலும் தரையிலேர்ந்துதான கெளம்பணும்.”

இப்போது அது ஷோரூமிலிருந்து நேராக வந்ததுபோல் பளபளக்கிறது. மறுபடி கரி அரைக்கத் தெம்பில்லை. புது வண்டி எடுத்திருக்கிறேன் என்றே வைத்துக்கொண்டு வாழ்த்திவிட்டுப் போங்கள்.