வசந்தியின் பெயரைக் கூப்பிட்டபோது

ஒரு குழந்தையின் ஒன்றரை வருடத்தைப் பாழாக்கியவள் நான். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். பாழானது பின்னால்தான் தெரிந்தது. ஆனால் பொய்யைத் தெரிந்தேதான் சொன்னேன்!

உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். இணையவழி மாநாடுகளில் முழுப்பயன் பெறுவது எப்படி என்று உங்களுக்கு வகுப்பெடுத்த நிர்மலா நான்தான். ஒரே திரையின் முன் உட்காருங்கள், கேள்வியை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள், நடுவில் எழுந்து போகாதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். கைதட்டினீர்கள். இதையெல்லாம் நான் எங்கே கற்றேன் என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை... கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

நானும் வசந்தியும் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு சிறிய பேச்சுப் பயிற்சி மையத்தில் வேலை பார்க்கிறோம். பேச்சு வராத குழந்தைகளை எங்களிடம் அழைத்து வருவார்கள். வெளிநாட்டு மாநாடுகள் அப்போதுதான் கணினிக்குள் வரத் தொடங்கியிருந்தன. விமானம் வேண்டாம், விடுப்பு வேண்டாம். வீட்டிலிருந்தபடியே சான்றிதழ் வாங்கிவிடலாம். எனக்கு அந்தச் சான்றிதழே போதுமானதாக இருந்தது.

வசந்திக்குப் போதவில்லை. அவளிடம் சந்துரு என்ற மூன்று வயதுப் பையன் வந்துகொண்டிருந்தான். கூப்பிட்டால் ஒரு நாள் திரும்புவான், மறுநாள் திரும்ப மாட்டான். காதுப் பரிசோதனையில் குறை எதுவும் தெரியவில்லை. புத்தி மந்தம் என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். வசந்திக்கு மனம் ஒப்பவில்லை. அவனைப் பற்றி விரிவாக எழுதி ஒரு மாநாட்டுக்கு அனுப்பினாள். லண்டனிலிருந்து பேசும் நிபுணர் சில குழந்தைகளைப் பற்றி மட்டும் பேசுவார். அவர் ஏதாவது கேட்டால் எழுதி அனுப்பியவர் உடனே பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் சந்துருவின் அம்மா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவர். ஷிஃப்ட் முடிந்து அவர் பிள்ளையோடு எங்கள் மையத்துக்கு வர முடிந்ததும் மாநாடு நடக்கும் அதே மாலையில்தான். மையத்தில் அப்போது இணைய இணைப்பு கிடையாது.

“என் பேர்லயும் நீயே உள்ள போயிடுடி” என்றாள் வசந்தி. “காலேஜ்ல ப்ராக்ஸி குடுப்போமே, அந்த மாதிரி. சந்துரு கேஸ் வந்தா உடனே எனக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல நானே பேசிடறேன். அவங்கம்மாவும் பக்கத்துலதான் இருப்பாங்க.”

“இதுக்குப் போய் இவ்வளவு சொல்லணுமா? நான் பாத்துக்கறேன்” என்றேன்.

அல்சூரில் என் வீட்டில் இரண்டு கணினிகள். ஒன்றில் நான் நுழைந்தேன், மற்றொன்றில் வசந்தியை நுழைத்தேன். ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு... சொல்லவே நாக்கூசுகிறது... கூடத்துக்குப் போய்விட்டேன். புடவைக்காரர் வந்திருந்தார். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடியிருந்தார்கள். மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன்.

அப்போது உள்ளேயிருந்து ஆங்கிலத்தில் அந்தக் குரல் வந்தது. வசந்தி... பெங்களூரிலிருந்து வசந்தி, இருக்கிறீர்களா?

முந்தானை தரையில் இழுபட ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் திரையில் வேறொரு குழந்தையின் விவரம் வந்துவிட்டது.

அப்போதும் வழி இருந்தது! திரையின் கீழே எழுதுவதற்கு ஒரு கட்டம் இருந்தது. ‘வசந்தி இருக்கிறாள், ஒரு நிமிடம் பொறுங்கள்’ என்று எழுதியிருக்கலாம். விரலைக்கூட வைத்துவிட்டேன். இவ்வளவு நேரம் எங்கே போனீர்கள் என்று கேட்டால்? ஒரே வீட்டிலிருந்து இரண்டு பெயர்கள் என்று கண்டுபிடித்துவிட்டால்? சான்றிதழ் போய்விடுமே... விரலை எடுத்துவிட்டேன். கூடத்துக்குத் திரும்பி, அந்தப் புடவையை வாங்கவும் செய்தேன்.

மறுநாள் வசந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“என்னடி, போனைக் கையிலயே வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். சந்துருவ எடுக்கலையா?”

“எடுக்கல. டைம் ஆயிடுச்சுன்னு முடிச்சிட்டாங்க.”

“அப்ப அவருக்கு அதுல ஒண்ணும் பெரிசா படலபோல” என்றாள். அவள் முகம் வாடிவிட்டது. டாக்டர் சொன்னதையே அவளும் ஏற்றுக்கொண்டாள். சந்துருவை மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியில் சேர்த்தார்கள்.

மாநாட்டின் ஒலிப்பதிவு எங்கள் இருவருக்கும் சிடியில் வந்தது. “நீதான் உக்காந்து கேட்டியே” என்று வசந்தி அதைப் பிரிக்காமலே மேசை இழுப்பறையில் போட்டாள். நானும் பிரிக்கவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, உங்கள் வகுப்புக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தபோதுதான் போட்டுக் கேட்டேன்.

ஐயோ... என்ன கேட்டேன்!

பிரசவம் இயல்பானது என்று எழுதியிருக்கிறீர்கள், தாயிடம் மறுபடியும் கேளுங்கள் என்கிறார் அவர். பிறந்தவுடன் மஞ்சள் காமாலைக்காக நீல விளக்கின் கீழ் வைத்தார்களா? வைத்திருந்தால் அந்தக் காமாலை கேட்கும் நரம்பைப் பாதித்திருக்கலாம், புத்தி மந்தம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காதில் விழும் ஒலி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று உடனே சோதியுங்கள்... பிறகு வசந்தியின் பெயர். மறுபடியும் அவள் பெயர். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

பதில் தெரிந்த தாய் அந்த நேரத்தில் வசந்தியின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாரே! நான் ஒரு போன் செய்திருந்தால்... ஒரே ஒரு போன்!

மறுநாளே வசந்தியிடம் நீல விளக்கைப் பற்றிச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் தெரியுமா? “எங்கயோ படிச்சேன்” என்றேன்!

அவள் சந்துருவின் அம்மாவை வரவழைத்துக் கேட்டாள்.

“ஆமா மேடம், நீல லைட்டுல வெச்சாங்க. எல்லாப் பிள்ளைக்கும் வர்றதுதானேன்னு நான் சொல்லல.”

சோதனையில் நரம்பில்தான் கோளாறு என்று தெரிந்தது. முடிவைக் கேட்ட அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“வேணும்னே திரும்ப மாட்டேங்கிறான்னு எத்தன அடி அடிச்சிருக்கேன் மேடம்... அவனுக்குக் கேக்கவே இல்லியா?”

பிறகு என்னிடம் வந்தார். “நீங்க படிச்சதாலதான் மேடம் தெரிஞ்சுது” என்று என் கைகளைப் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். என் கைகள் ஈரமாயின. நான் அவற்றை இழுத்துக்கொள்ளவில்லை... அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்!

இப்போது சந்துருவுக்குச் சில சொற்கள் வருகின்றன. ஆனால் பேச்சு வர வேண்டிய வயதில் இழந்த காலத்தை எந்தப் பயிற்சியாலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிற பெற்றோர்களிடம் இதைச் சொல்லி எச்சரிப்பதுதான் என் தொழிலே.

வசந்தியிடம் சொல்லிவிடேன் என்பீர்கள். எத்தனையோ முறை அவள் அறைவரை போயிருக்கிறேன். அந்த சிடி இன்னும் பிரிக்கப்படாமல் அவள் இழுப்பறையில் கிடக்கிறது. அவளே ஒரு நாள் போட்டுக் கேட்டுவிட மாட்டாளா என்று ஏங்குகிறேன். அதைத் திருடிவிடலாமா என்றும் நினைக்கிறேன்... இரண்டும் நான்தான்!

போன வாரம் இன்னொரு இணைய மாநாட்டுக்கு அழைப்பு வந்தது. வசந்தி அன்று வேலூருக்குப் போகிறாள்.

“என் பேர்லயும் நீயே உள்ள போயிடுடி” என்றாள். “உன்ன விட்டா நான் யாரை நம்புவேன்?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்...

“சரி” என்றேன்.