இரண்டாவது மாடியில் வேப்பிலை

வேர்க்கடலைக் கொல்லையில் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது மகளிடமிருந்து போன் வந்தது. பங்குனி மாதத்து வெயில்.

“ரெண்டு நாளா ஜுரம்மா. இன்னிக்கு மூஞ்சில முத்து முத்தா கிளம்பிகீது” என்றாள்.

கையிலிருந்த செடியை அப்படியே போட்டேன். எங்கள் பக்கத்தில் அதை நோய் என்று சொல்ல மாட்டோம். அம்மை வார்த்திருக்கிறது, அம்மன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்போம். சின்னப் பிள்ளைகள் மேல் வந்தால் விளையாடிவிட்டுப் போய்விடுவாள். வளர்ந்தவர்கள் உடம்பில் வந்தால் தாங்குவது கஷ்டம். எங்கள் தெருவிலேயே ஒருத்தரை அப்படிப் பறிகொடுத்திருக்கிறோம். அவர் முகம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

அவள் அப்பா அம்மன் கோயில் வேப்பமரத்தில் கொழுந்தாகப் பார்த்து ஒடித்து, ஈரச்சாக்கில் கட்டிக் கொடுத்தார். அறுப்பை விட்டுவிட்டு அவரால் வர முடியாது. நான் மட்டும் உத்திரமேரூரில் பஸ் ஏறினேன். செங்கல்பட்டில் மாறி, தாம்பரம் தாண்டி மகள் வீட்டுக்குப் போய்ச் சேரும்வரை அந்த மூட்டையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மகளும் மாப்பிள்ளையும் இருந்தது ஒரு அடுக்குமாடியில் இரண்டாவது மாடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, துணி காயப்போட ஒரு பால்கனி. வீட்டுக்காரர் குடும்பம் கீழ்வீட்டில் இருந்தது. கல்யாணமான புதிதில் கட்டுப்படியாகிற வாடகைதான். வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் பதிமூன்றாயிரம் ஆகியிருந்தது. இந்தத் தை மாதம் ஒரே தாவாகப் பதினெட்டு கேட்டுவிட்டார். பக்கத்தில் கம்பெனிகள் வந்துவிட்டன, எல்லோரும் அந்த ரேட்டுக்குத்தான் விடுகிறார்கள், நான் மட்டும் ஏன் நஷ்டப்படணும் என்பது அவர் பேச்சு. நாங்கள் ஒரு போகம் பாடுபட்டு மூட்டை கட்டிப் போட்டால் கைக்கு வருவது அவர்களுக்கு மூன்று மாத வாடகைக்குக்கூடக் காணாது. மாப்பிள்ளைக்கு ஒரு குடோனில் பில் போடுகிற வேலை. முடியாதுங்க என்று சொல்லிவிட்டார். அப்படியானால் காலி பண்ணுங்கள் என்று வீட்டுக்காரர் புரோக்கரிடம் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் மகள் எனக்குச் சொன்னதே இல்லை. அங்கே போய்த்தான் தெரிந்தது. சாயங்காலம் ஆனால் புரோக்கர் யாரையாவது வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு வருவாராம். வந்தவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்களாம், பீரோ வைக்க இடம் அளப்பார்களாம், இவள் சமைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு மேடை சின்னது என்பார்களாம். பிடித்துப்போய் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டால் இவர்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஜுரத்தோடும் இவள்தான் எழுந்து கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள்.

போனதும் நான் செய்த முதல் வேலை, வாசலில் வேப்பிலை கட்டியது. மகள் படுத்துக்கொண்டே, வெளியில் கட்டாதேம்மா, இங்கே நாலு குடித்தனம் இருக்கிறது, ஒரு மாதிரி பேசுவார்கள் என்றாள். அம்மன் வந்த வீட்டில் இலை கட்டாமல் இருப்பதாவது. நிலைக்கு இரண்டு பக்கமும் கொத்தாகக் கட்டினேன். படுக்கையில் இலை பரப்பினேன், தலைமாட்டில் சொம்புத் தண்ணீரில் இலை போட்டு வைத்தேன். தாளிப்பை நிறுத்தினேன். டாக்டரிடமும் காட்டினோம், மாத்திரை கொடுத்தார், அதையும் சாமிமுன் வைத்துத்தான் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் புரோக்கர் ஒரு புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்தார். மாடி ஏறி வந்த அந்தப் பெண், இலையைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டாள். “இன்னாம்மா இது பேஜாரு” என்று புரோக்கர் என்னைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். அதற்கப்புறம் ஒருவரும் வரவில்லை.

மறுநாள் வீட்டுக்காரரே வந்தார். நாலு படி கீழேயே நின்றுகொண்டார். பேசவும் தயக்கம். அவருக்கும் பயம்தான். கடைசித் தண்ணீர் ஊற்றுகிறவரை யாரையும் அனுப்ப மாட்டேன், இலையை இறக்கியதும் சொல்லிவிடுங்கள் என்றார். அவர் சம்சாரம் இளநீர் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார்கள். அதிலிருந்து தினமும் ஒரு இளநீர் அந்தப் படியில் இருந்தது.

அந்த நாட்களில் மகள் உடம்பைத் தவிர எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தொண்டைக்குள்ளும் முத்து வந்து தண்ணீர் இறங்காமல் கிடந்தாள். தாயே, என் பெண்ணை விட்டுவிடு, கூழ் ஊற்றுகிறேன் என்று சொல்லிச் சொல்லி நாக்கு வறண்டது. ஒருவழியாக ஜுரம் விட்டது. முத்தெல்லாம் காய்ந்து பக்கு கட்டியது. இனி தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி, மூன்றாவதோடு இலையை இறக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைக்க வேண்டும். கீழ்வீட்டில் மொட்டைமாடிச் சாவி வாங்கி, அங்கே வைத்துச் சூடாக்கி, முதல் தண்ணீர் ஊற்றினேன். அடுத்த தண்ணீரும் அப்படியே. மாடிக்குத் தவலை போவதை வைத்துக் கீழே கணக்கு வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை, மாப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

மூன்றாவது தண்ணீருக்கு நான் தவலையைத் தூக்கியபோது, “அத்த, மாடிக்கு வேணாம். பால்கனிலயே வெச்சிடுங்க” என்றார். என் முன்னால் சத்தமாகப் பேசாத பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டே மீதியையும் சொன்னார். கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறார். வாடகை கட்டுப்படியாகும். இப்போது இருக்கிறவர்கள் காலி பண்ண இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் இங்கே இலை இறங்கினால் மறுநாளே ஆள் வரும், சாமான்களைத் தெருவில்தான் வைக்க வேண்டும். “அதுவரிக்கும் இலை இருக்கட்டும் அத்த.”

தவலையைக் கீழே வைத்துவிட்டேன். இலை கட்டுவது அம்மனை உட்காரச் சொல்லிப் பாய் போடுகிற மாதிரி. வந்தவளைக் குளிரவைத்து அனுப்பிவிட்டு, பாயை மட்டும் சுருட்டாமல் வைத்தால் அவள் என்ன நினைப்பாள்? யார் மேல் உட்காருவது என்று தேடுவாள். வீட்டில் மிச்சம் இருந்தது நானும் மாப்பிள்ளையும்தான். மகள் பிழைத்ததே பெரிது, இதில் அம்மனை ஏமாற்றுவதா?

மகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “சாமிக்குக் கூழு ஊத்தி மன்னிப்பு கேட்டுக்கலாம்மா. வூட்டுக்காரருக்கு இன்னா ஊத்தறது?” என்றாள். அவள் சிரிக்கத்தான் சொன்னாள். கன்னத்தில் பக்கு இழுத்ததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பால்கனி வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகக்கூட ஆகவில்லை. அதைத்தான் ஊற்றினேன். அவள் தலை ஈரம் காய்வதற்குள் படியில் இளநீர் வைக்கும் சத்தம் கேட்டது. நான் கதவைத் திறந்தேன். வீட்டுக்காரர் சம்சாரம் கீழ்ப்படியில் நின்றிருந்தார்கள்.

“கடைசித் தண்ணி எப்பம்மா?”

எனக்குப் பின்னால் மகளும் மாப்பிள்ளையும் மூச்சு விடாமல் நின்றார்கள். என் தலைக்கு மேலே இலை தொங்கியது.

“அம்மா இன்னும் எறங்கலீங்க” என்றேன்.

அந்த அம்மாள் அங்கிருந்தே கும்பிட்டார்கள். பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகிறது, உங்க வாயால எங்களுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கோங்க என்று கேட்டுவிட்டு இறங்கிப்போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டு, சொன்னது பொய்யாகக் கூடாதே தாயே, என் மேலேயே இரு என்று வேண்டிக்கொண்டேன்.

மகள் படுக்கையில் இருந்த இலையைக் கூட்டி அள்ளினேன். ஹாலில் பாய் போட்டு அதன்மேல் இலையைப் பரப்பி நான் படுத்தேன். அன்றிலிருந்து மோரும் கஞ்சியும்தான், எண்ணெய் தொடவில்லை, தலை வாரவில்லை, வாசற்படி தாண்டவில்லை. மகள் அழுதாள். உனக்கு ஒன்றும் வரவில்லை, எழுந்திரு என்று கையைப் பிடித்து இழுத்தாள். வேலையிலிருந்து வந்த மாப்பிள்ளை கையில் புது வேப்பிலைக் கொத்து இருந்தது. வாசலில் இருந்தது காய்ந்துவிட்டது, பார்த்தால் தெரிந்துவிடும் என்று தெருமரத்தில் ஒடித்துக்கொண்டு வந்திருக்கிறார். நான் படுத்திருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றுவிட்டார்.

“இலை கட்டின வூட்ல யாராச்சும் படுத்திருக்கணும் மாப்ள. சும்மா கட்டக் கூடாது” என்றேன்.

அவர் கொத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வெளியில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு இருவருமாகத்தான் அதைக் கட்டினோம்.

அந்த வாரம் முழுக்க உடம்பைத் தடவிப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். கொசு கடித்த இடமெல்லாம் முத்தாகத் தெரிந்தது. மாப்பிள்ளை தும்மினால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். மாடிப்படியில் யார் ஏறினாலும், புரோக்கரா, வேறு யாராவதா என்று காது அங்கேயே இருக்கும். எந்தப் பயம் பெரிது என்று எனக்கே தெரியவில்லை. மகளும் மாப்பிள்ளையும் இந்தப் படிச்சத்தத்துப் பயத்தைத் தை மாதத்திலிருந்து தினமும் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கிக்கொண்டு குடோனுக்கும் கடைக்கும் போய் வந்திருக்கிறார்கள்.

புது வீடு காலியான அன்று காலையில் என் தலைக்கு நானே தண்ணீர் ஊற்றிக்கொண்டு இலையை இறக்கினேன். மாப்பிள்ளை கீழே போய் விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்தான், புரோக்கர் இல்லாமலே காலியாகிறது. அவர் சம்சாரம் முதல் தடவையாக வாசல்வரைக்கும் ஏறி வந்தார்கள். சாமி இருந்த இலையில் கொஞ்சம் கொடுங்கள், பொண்ணு தலைமாட்டில் வைக்கணும் என்று முந்தானையை ஏந்தினார்கள். நான் அள்ளிப் போட்டதில் பாதி இலை தரையில் விழுந்தது. அதையும் குனிந்து பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

மிச்சத்தை அதே சாக்கில் கட்டி எடுத்துவந்து எங்கள் ஊர் ஏரியில் விட்டேன். கோயிலில் கூழ் ஊற்றினேன். அந்த அம்மாள் பெண்ணுக்காகவும் வேண்டிக்கொண்டேன், அம்மன் கேட்டாளோ என்னவோ. இப்போதும் காலையில் குளிக்கும்போது முதலில் கையைத்தான் பார்க்கிறேன்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று மகள் போனில் பேசினாள். வீடு கொஞ்சம் சின்னது, காற்று வருகிறது, வீட்டுக்காரர் நல்ல மாதிரி, பதினோரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றாள். அதற்கப்புறம் ஏற்றுவாரா என்று கேட்டேன். எல்லாரும் ஏத்தத்தாம்மா செய்வாங்க என்றாள்.

பிறகு குரலைத் தாழ்த்தி, “வாசலுக்கு எதிர்லயே பெரிய வேப்பமரம் கீதும்மா” என்று சிரித்தாள்.

மறுபடியும் சும்மா இலை கட்டிவிடுவாளோ? போனை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.