சித்தப்பாவின் கால்பட்டி

என் சித்தப்பா ரயில்வே ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிப்பாய். வாரம் ஒரு நாள் பயிற்சி, வருஷத்துக்கு ஒரு தடவை கடற்கரையில் கூடாரம் போட்டு முகாம். அந்தத் தொண்டர் படை அவ்வளவுதான். ஆனால் எங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் காக்கி உடுப்போடு அவர் நிற்பதைப் பார்த்தால், இரண்டு மூன்று தேசங்களைப் பிடித்துவிட்டு இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார் என்று தோன்றும்.

பட்டாளத்தால் என்ன லாபம் என்று வாய்தவறிக் கேட்டுவிட்டால் அரை நாள் போய்விடும். இலவச பூட்ஸ், முகாமுக்குச் சம்பளத்தோடு லீவு, டின் பிஸ்கட், வெள்ளைக்கார அதிகாரியே பேர் சொல்லிக் கூப்பிடுகிற மரியாதை என்று அடுக்குவார். நஷ்டக் கணக்கை அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். காக்கிக்குக் கஞ்சி போட்டதும் அவள், பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்ததும் அவள்.

பெரிய நஷ்டம் வேறு ஒன்று. “சண்டை வந்தா கப்பல்ல ஏத்திடுவாங்க, அப்புறம் எங்க பொண்ணு கதி?” என்று ஏற்கெனவே இரண்டு வீட்டில் கைவிரித்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. மூன்றாவது வரன் ரயிலேறிப் போகிற தூரத்தில், கிள்ளானில். பெண்ணை ஏதோ கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறார். அன்றிலிருந்து குளிக்கும்போது ஒரே பாட்டு. இதுவும் தட்டிப்போனால் மனுஷன் உடைந்துபோவார் என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

“பொண்ணு பாக்கவாவது தயவுசெஞ்சு வேட்டி கட்டிட்டு வாடா” என்றார் அப்பா.

“மறைச்சுக் கல்யாணம் பண்ணச் சொல்றீங்களா அண்ணே? இருக்கிறத இருக்கிறபடி பாக்கட்டும் லா.”

உடுப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. பூட்ஸின் கழுத்திலிருந்து முழங்கால் வரை நீளமான காக்கித் துணியைச் சுற்றிக் கட்ட வேண்டும், பட்டி என்பார்கள். போன வாரம் அணிவகுப்பில் அது அவிழ்ந்து, பின்னால் வந்தவர் மிதித்து, ஒரு வரிசையே மண்ணைக் கவ்வியது. அந்த அவமானம் கிள்ளானில் வேண்டாம் என்று, பட்டியின் முனையை ஊசி நூலால் தைத்துவிடச் சொன்னார். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். நூலை நாலு மடிப்பாக்கி இறுக்கித் தைத்தாள்.

ரயில் தாமதம். பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. நாலரைக்கு ராகுகாலம். நாங்கள் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனோம். சித்தப்பா ஒரு காலைத் தூக்கினார், அப்படியே நின்றார். அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. நூலை அறுத்தால்தான் பட்டி அவிழும்; பட்டி அவிழ்ந்தால்தான் பூட்ஸ் கழலும். சாமி விளக்கு எரிகிற வீட்டுக்குள் பூட்ஸோடு எப்படி நுழைவது?

“கத்தரிக்கோல் இருக்குங்களா?” என்று சித்தப்பா கேட்டதுதான் தாமதம், “ஐயோ தம்பி! நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கத்தரிக்கோலா?” என்று அம்மா பதறினாள். பதறியவள், வாசலில் உட்கார்ந்து நூலைப் பல்லால் கடிக்கத் தொடங்கினாள். பெண்ணின் அப்பா கடிகாரத்தைப் பார்த்தார். என் அப்பா கூரையைப் பார்த்தார். ஒரு கால் அவிழ்ந்து, துணி உருண்டு தெருவரைக்கும் போனது. போகிற ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். இன்னொரு கால் பாக்கி.

“பாப்பா, இங்க வா.”

கதவுக்குப் பின்னாலிருந்து கல்யாணப் பெண் என்னைக் கூப்பிட்டு ஒரு முறுக்கைக் கையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

“ஒங்க சித்தப்பாவ நெசமாவே சண்டைக்கு அனுப்பிடுவாங்களா?”

எனக்கு எட்டு வயது. பசி வேறு. உள்ளதைச் சொல்லிவிட்டேன். “அவரையா? போங்கக்கா! இந்தப் பட்டியச் சுத்தி முடிக்கிறதுக்குள்ள சண்டையே முடிஞ்சிடும். முகாம்ல துப்பாக்கி சுட்டுத் தோள் வீங்கி, அம்மாதான் மஞ்சப் பத்து போட்டாங்க. பல்லி விழுந்தாகூட அலறுவாரு.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று நினைத்தேன். ஆனால் இன்னும் மூன்று முறுக்கு கிடைத்தது. நாலரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது சித்தப்பா வெறுங்காலோடு, வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

திரும்பும் ரயிலில் என் காதருகே குனிந்தார். “உள்ள கூப்பிட்டு என்ன கேட்டாங்க?”

“நீங்க பெரிய வீரர்னு சொன்னேன் சித்தப்பா.”

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை அவர் மீசையை விட்டுக் கையை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் சேதி வந்தது: கட்டினால் அவரைத்தான் கட்டுவேன் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். “பாத்தீங்களா அண்ணே, உடுப்போட மகிமைய!” என்றார் சித்தப்பா.

கல்யாணத்தன்று புதுச் சித்தியின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. இவ்வளவு மோசமாகச் சொல்லியும் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டாரே, பாவம், வேறு வரனே கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று மனசு கேட்காமல், மணமேடைக்குப் பின்னால் நின்று அவருக்காகப் பிள்ளையாரிடம் வேண்டிக்கொண்டேன்.